பூ கொட்டுகிறதா? முதலில் காம்பைப் பாருங்கள்

தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகும், நிழலில் காய் பிடிக்காது என்பதெல்லாம் ஒரு பருவம் பயிர் வைத்தாலே விளங்கிவிடும். செடியின் உறுப்பை இன்னதென்று அறியாமல் செய்யும் தவறுகள் அப்படியல்ல. அவை பருவத்துக்குப் பருவம் காசைக் கரைக்கும்.

ஆண் பூ உதிர்வதை நோய் என்று நினைப்பது

சித்திரை வந்தால் ஆத்தூர், வாழப்பாடி பக்கத்துப் பீர்க்கு, புடலைப் பந்தல்களின் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ கொட்டிக் கிடக்கும். புதிதாகப் பந்தல் போட்டவர் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார். "பூவா கொட்டுதுங்க" என்று காட்டி, டானிக்கும் பூச்சிமருந்தும் வாங்கி வருவார். அந்தக் கைப்பிடியில் பெண் பூ ஒன்றுகூட இருக்காது. வருடா வருடம் இதே கதை நடப்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

கொடிக்காய்களில் ஒரே கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது ஆண் பூ. வெறும் காம்பில் நிற்கும், ஒரு நாள் விரியும், மகரந்தம் தந்துவிட்டு உதிரும். அது அதன் இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். அதுதான் சூலகம். அது மஞ்சளாகிச் சூம்பினால்தான் கவலைப்பட வேண்டும்: பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பிஞ்சில் துளையும் பிசினும் இருந்தால் அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை.

இதைவிடப் பெரிய நட்டம் மருந்தடிக்கும் நேரத்தில் இருக்கிறது. "சாயங்காலம் அடித்தால் தேனீக்குக் கெடுதல் இல்லை" என்பது காலையில் விரியும் பூசணிக்கும் பாகலுக்கும் பொருந்தும். பீர்க்கும் சுரையும் புடலையும் பொழுது சாயும்போதுதான் விரியும். அந்துப்பூச்சிகள் வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் தெளித்தால் மகரந்தத்தைச் சுமப்பவை சாகும், காய் குறையும், காய் குறைந்ததற்கு இன்னொரு மருந்து வரும். கட்டாயம் தெளிக்க வேண்டுமென்றால், நேற்றைய பூ வாடிய பிறகு முற்பகலில் தெளியுங்கள்.

பூச்சி நடமாட்டம் இல்லையென்றால் கையாலேயே சேர்க்கலாம். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தாளைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் மெல்லத் தேயுங்கள். பூசணிக்குக் காலை 6 முதல் 8 மணிக்குள். பீர்க்குக்குப் பூ விரிந்தபின் மாலையில்.

வெக்கையும் மிஞ்சிய யூரியாவும் ஆண் பூவைக் கூட்டும், குளிர்ச்சி பெண் பூவைக் கூட்டும். ஏற்காட்டுக் கணக்கைச் சேலம் சமவெளிக்கு இறக்க வேண்டாம். பெண் பூ கூட எத்திரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பவர்கள் பீர்க்குக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி., பாகலுக்கு 1 மி.லி. கலந்து, விதைத்த 15-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒன்றாக நான்கு முறை தெளிக்க வேண்டும். பூ கொட்டத் தொடங்கியபின் வாங்கினால் வீண்.

விதையிலையை எண்ணுவது

"இரண்டு இலைப் பருவம்" என்றால் உண்மையிலை இரண்டு. முதலில் வெளிவரும் தடித்த ஜோடி விதையிலை, அது கணக்கில் சேராது.

கத்தரிப் பூ அத்தனையும் காய்க்கும் என்பது

சூல்தண்டு, அதாவது பூவின் நடுவில் சூல்முடியைத் தாங்கும் தண்டு, குட்டையான பூ கொட்டத்தான் செய்யும்.

ஒட்டு என்றால் எல்லாம் ஒன்று

வீரிய ஒட்டு என்பது இரண்டு பெற்றோரைக் கலந்து எடுத்த விதை. அதன் காயிலிருந்து விதை எடுத்து வைத்தால், அடுத்த பருவத்தில் செடிக்குச் செடி காய் மாறும். ஒட்டுச்செடி என்பது ஒன்றன் வேரில் இன்னொன்றின் தண்டைப் பொருத்தியது. சுண்டை வேர்ச்செடியில் ஒட்டிய கத்தரி அப்படித்தான். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே முள்ளோடு துளிர்ப்பது சுண்டை. "நன்றாகத் தழைக்கிறது" என்று விட்டால் அது கத்தரியை அமுக்கிவிடும். கண்டதும் கிள்ளுங்கள்.

கிழங்கெல்லாம் வேர் என்பது

மரவள்ளிக் கிழங்கு வேர். அதில் மொட்டு இல்லை. அதனால்தான் 8 முதல் 10 கணு உள்ள 15 செ.மீ. தண்டுக் கரணையை மொட்டு மேல்நோக்க நடுகிறோம். உருளைக்கிழங்கு தண்டு, அதன் கண்தான் மொட்டு. வெட்டி நட்டால் துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்க வேண்டும். தண்டு என்பதால் வெளிச்சம் பட்டால் பச்சையாகி நஞ்சேறும். மண் அணைக்க மறந்த பாத்தியில் அந்தக் கிழங்குகளை ஒதுக்கத்தான் வேண்டும்.