கண் மஞ்சள் தெளிந்தால் காமாலை தீர்ந்ததா?

கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தால் நம் ஊரில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்து, உப்பு, புளி, எண்ணெயை விலக்கிப் பத்தியம் இருப்பார்கள். சில வாரங்களில் கண் வெளுத்துவிடும். மருந்து கொடுத்தவருக்கும் பேர் கிடைத்துவிடும். ஆனால் இப்படித் தேறியவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது ஹெபடைடிஸ் எனும், வைரஸால் வரும் ஈரல் அழற்சியில் ஏ அல்லது ஈ வகை. மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் வகைகள் இவை. அதே மோரைக் குடித்த பி வகை நோயாளி, வைரஸ் உள்ளேயே தங்கியிருக்கக்கூடும் என்று தெரியாமல், கண் வெளுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று போய்விடுவதுதான் ஆபத்து.

கீழாநெல்லியை நான் இழிவுபடுத்தவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே எதைக் குடித்தாலும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பி, சி வகைகளுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

பத்தியம் என்ற பெயரில் நோயாளியைப் பட்டினி போடுவது அடுத்த தவறு. ஈரல் தேறச் சத்து வேண்டும். இட்லி, சோறு, பருப்பு, பிடித்தால் முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். மதுவை அடியோடு நிறுத்த வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலைக்கூட மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. நோயாளி குழப்பமாகப் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் இந்த அறிகுறிகளுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது. கடைசி மூன்று மாதங்களில் வரும் ஈ வகை, ஐந்தில் ஒருவர் அளவுக்கு உயிரைப் பறிக்கும்.

ஏ, ஈ இரண்டும் மலம் கலந்த நீரில் பரவுகின்றன. 1955-56இல் டெல்லியின் குடிநீரில் சாக்கடை கலந்தபோது ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. வீட்டில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துவிட்டு, அந்தக் குடத்துக்குள் விரல் நனையச் சொம்பை முக்கி எடுக்கிறோம். கைப்பிடி நீண்ட கரண்டி ஒன்று போதும், இந்தத் தவறு தீர்ந்துவிடும். வெளியே கரும்புச்சாறு குடிக்கும்போது, அதில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பி வகை பலரிடம் மஞ்சளே காட்டாமல் பல வருடங்கள் ஈரலை அரித்து, ஈரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடும். பி என்று தெரிந்ததும் சில வீடுகளில் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். மனதைப் புண்படுத்தும் இந்தக் காரியத்தால் ஒரு பயனும் இல்லை. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான் பரவும். தனியாக வைக்க வேண்டியவை ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. உலர்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள்வரை வைரஸ் உயிரோடு இருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் பரிசோதித்துக்கொண்டு, நோய் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது, “பிறந்த அன்றே ஊசியா?” என்று பாட்டிமார் தடுப்பதுதான். பி தடுப்பூசியின் அந்த முதல் ஊசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தாயிடமிருந்து பிறப்பின்போதே தொற்றிக்கொண்டால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். தாய்க்கு பி இருந்தால் குழந்தைக்குத் தடுப்பூசியோடு வைரஸை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். ஆகவே கர்ப்ப காலத்திலேயே பரிசோதித்துவிடுங்கள்.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணமாகிவிடும். பி மாத்திரை அப்படியல்ல, பலர் பல வருடங்கள் சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் வைரஸ் திடீரென்று பெருகி, ஈரலே செயலிழக்கக்கூடும். ஊருக்குப் போகும்போது அந்த மாத்திரையைக் கூடுதலாகவே எடுத்துவையுங்கள்.