குறைந்த விலையில் வயருள்ள ஸ்டிக் வேக்குவம் கிளீனர் வாங்கும்போது

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மோட்டார் இழுக்கும் மின்சாரம். உறிஞ்சும் திறன் அல்ல. அதற்குக் கிலோபாஸ்கல் (kPa) அளவைப் பாருங்கள், அதுதான் உறிஞ்சும் அழுத்தத்தைச் சொல்லும். 600 வாட் மெஷினுக்கு 15 கிலோபாஸ்கலுக்கு மேல் இருந்தால் டைல்ஸ் தரைக்குத் தாராளம்.

வயர் 5 மீட்டராவது வேண்டும். குறைந்தால் அறைக்கு அறை பிளக்கைப் பிடுங்கி மாட்டியே அலுத்துப்போகும்.

கடையில் கையில் பிடித்து, கட்டிலுக்கடியில் விடுவதுபோல் சாய்த்துப் பாருங்கள். மோட்டார் கைப்பிடி அருகே இருந்தால் கனம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். ஆனால் ஒட்டடை அடிக்க அதுதான் வசதி.

முக்கியமானது ஃபில்டர். கழுவக்கூடியதா, தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மலிவான மெஷின்கள் பெரும்பாலும் இதில்தான் சொதப்புகின்றன. நுண்தூசி அடைத்ததும் காற்றோட்டம் குறைந்து இழுவை போய்விடும், மோட்டாரும் சூடாகும். வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் 24 மணி நேரம் காயவையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் வரும், மோட்டாரும் கெடும்.

நீளமான முடி உள்ள வீடா? சுழலும் பிரஷைக் கழற்ற முடிகிறதா பாருங்கள். சுற்றிய முடியைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கலாம்.

தண்ணீர் சிந்திய இடத்தில் மட்டும் ஓட்டவே கூடாது.