ரோட்டவேட்டரைக் கூப்பிடும் முன்

போன வாரம் ஒரு தம்பி தன் அரை ஏக்கரைக் காட்டக் கூட்டிப்போனார். நாட்டுக் கீரை, காட்டுக் கிழங்கு, பழச்செடி எல்லாம் கலந்து போடப் போகிறாராம். "மூணு தடவை ரோட்டவேட்டர் ஓட்டியாச்சுண்ணே, மண்ணு மாவு மாதிரி இருக்கு பாருங்க" என்றார். டிராக்டரில் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி அது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வரப்போரத்தில் குத்துக்குத்தாகக் கோரைக் களை நின்றது. முதல் வருஷம் நான் செய்ததும் இதேதான்.

தண்ணீர் தேங்க விடாதே, கன்றை மாடு கடிக்க விடாதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கோரை நிலத்தில் ரோட்டவேட்டர்

நான் ஓட்டியதும் நல்ல ஈரத்தில்தான். விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் நிலம் முழுக்கப் பச்சை. கீரை விதை இப்படி முளைத்திருக்கிறதே என்று பூரித்துப் போனேன். குனிந்து ஒரு தண்டை விரலில் உருட்டியபோதுதான் மூன்று பட்டை தட்டுப்பட்டது. கோரை!

மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் நூல் போன்ற தண்டில் மணிமாலையாகக் கோத்துக் கிடக்கும். நுனிக் கிழங்கு முளைத்தால் பின்னால் உள்ளவை பெரும்பாலும் உறங்கும். அந்த மாலையை அறுத்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். ரோட்டவேட்டர் அறுப்பதோடு நிற்காமல் வயல் முழுக்கத் தூவியும் விடுகிறது. காசு கொடுத்துக் களை நட்டிருக்கிறேன்! போதாததற்கு, செடிக்குத் தண்ணீரும் சத்தும் கொண்டுவரும் வேர் உட்பூசண இழைகளும் அதில் சிதைந்துபோயின. பிளாஸ்டிக் மூடாக்கு போட்டேன். ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வந்தது. இரண்டு வருஷம் களையெடுத்தே ஓய்ந்தேன். நான் நட்ட கிழங்கு நாற்றில் பாதி கோரைக்குள் மூச்சுமுட்டிச் செத்தது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

காய்ந்த மண்ணில் கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் வாட்டுவது வேறு கணக்கு. அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோரைக்குப் பிடிக்காதது நிழல். தட்டைப்பயறு போல அடர்ந்து படரும் பயிரை நெருக்கி விதையுங்கள். இடையில் தலைதூக்கும் கோரையை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு கரையும். நடும் குழியை மட்டும் தோண்டுங்கள், மிச்ச மண்ணைத் தொட வேண்டாம். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். "ஓட்டினவரு இன்னொரு சால் ஓட்டினா சரியாயிடும்னாரு" என்றார். ஓட்டுகிறவர் வேறென்ன சொல்வார்?

ஒரே செடியின் போத்து

ஒரு நல்ல செடியைப் பார்த்ததும் அதிலிருந்தே இருபது போத்து, அதாவது நடுவதற்கான குச்சி, வெட்டி நடுவார்கள். இருபதும் ஒரே செடிதான். ஆண், பெண் தனித்தனியாக உள்ள இனமாக இருந்தால் இருபதும் ஆணாகப் போகலாம். தன் மகரந்தத்தை ஏற்காத இனமென்றால் பூக்கும், காய்க்காது. நாலைந்து தாய்ச்செடிகளிலிருந்து எடுங்கள். விதைக்கும் அப்படியே.

"நாட்டுச் செடிதானே, தானா வளரும்"

வளரும், வேர் இறங்கிய பிறகு. முதல் கோடைக்குத் தண்ணீர் வேண்டும்.

முளைக்காத விதை

விதைத்தோல் கடினமாக இருந்தால் சொரசொரப்பான கல்லில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவையுங்கள். கெட்ட விதை என்று வீசிவிடாதீர்கள். நான் வீசிய குப்பைமேட்டில் மறுவருஷம் அத்தனையும் முளைத்திருந்தது.

மக்காத சாணம்

வேண்டாம்.