ஒரே ஸ்டார்ஸ்கிரீம், எத்தனை வடிவங்கள்: ஜெட் ரோபோ பொம்மைகளை ஒப்பிடுவது எப்படி?

வண்டியாகவும் விமானமாகவும் மாறுகிற ரோபோ பொம்மைகளான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சேகரிக்கத் தொடங்குகிற நிறையப் பேர் முதலில் குழம்புகிற இடம் ஸ்டார்ஸ்கிரீம், அந்தப் பொம்மைகளின் கார்ட்டூனில் ஜெட் விமானமாக மாறுகிற கதாபாத்திரம். 1984 பொம்மை, அதன் மறுவெளியீடுகள், 2006இல் கிளாசிக்ஸ் வரிசையில் ஒன்று, மாஸ்டர்பீஸ் வரிசையில் மூன்று, 2020இல் எர்த்ரைஸ் வரிசையில் ஒன்று என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். எல்லாமே சாம்பல், சிவப்பு, நீலம்தான், எல்லாமே ஏதோ ஒரு வகையில் எஃப்-15 போர்விமானம்தான், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்லப்போகிற முறை எளிமையானது. பெட்டியையும் பெயரையும் விட்டுவிட்டு, விமானம் எப்படி மடிந்து ரோபோ ஆகிறது என்பதை மட்டும் பின்தொடர வேண்டும். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே உள்ள பெரும்பாலான வித்தியாசங்கள் அந்த மடிப்பிலிருந்துதான் பிறக்கின்றன.

படி 1: மோல்டு வாரியாகப் பிரியுங்கள்

மோல்டு என்றால் பிளாஸ்டிக்கை ஊற்றி வார்க்கிற அச்சு. ஒரு அச்சைச் செய்ய ஏகப்பட்ட செலவாகும் என்பதால் அதையே நிறம் மாற்றி, தலையோ இறக்கையோ மாற்றி, வேறு வேறு பெயரில் விற்பார்கள். ஸ்டார்ஸ்கிரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் மூவரும் 1984இல் ஒரே அச்சில் வந்தவர்கள். அடுத்த ஆண்டு வந்த ராம்ஜெட், டிர்ஜ், த்ரஸ்ட் மூவரும் அதே உடம்புக்கு வேறு இறக்கை மாட்டியவர்கள். அந்த அச்சுகூட டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்காகச் செய்ததில்லை. ஜப்பானில் டகாரா நிறுவனம் டயாக்ளோன் என்ற வரிசையில் வெளியிட்டிருந்த ஜெட் ரோபோவைத்தான் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கிப் புதுப் பெயர் வைத்தது.

ஆகவே முதல் வேலை, கண்ணில் படுகிற பதிப்புகளை எல்லாம் அச்சு வாரியாக எழுதிவைப்பது. ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்த ஐந்து போதும்:

- 1984 அச்சு, அதன் மறுவெளியீடுகளும் சேர்த்து
- 2006 கிளாசிக்ஸ், சுமார் 14 செ.மீ. உயரமுள்ள டீலக்ஸ் அளவு
- மாஸ்டர்பீஸ் எம்பி-03, அதைத் திருத்தி 2012இல் வந்த எம்பி-11
- 2020 எர்த்ரைஸ், சுமார் 18 செ.மீ. உள்ள வாயேஜர் அளவு
- மாஸ்டர்பீஸ் எம்பி-52, 2021இல் முற்றிலும் புதிதாகச் செய்தது

இப்படிப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிளாசிக்ஸ் ஸ்டார்ஸ்கிரீமும் ஜப்பானில் ஹென்கெய் என்ற பெயரில் வந்ததும் ஒரே அச்சு, வித்தியாசம் வண்ணப்பூச்சிலும் பளபளப்பிலும்தான். கிளாசிக்ஸும் எர்த்ரைஸும் அப்படியல்ல, இரண்டும் வேறு வேறு பொறியியல். முதல் ஜோடியை ஒப்பிடும்போது வண்ணத்தைப் பாருங்கள், இரண்டாவது ஜோடியை ஒப்பிடும்போது மடிப்பைப் பாருங்கள்.

2019இல் சீஜ் வரிசையிலும் ஒரு ஸ்டார்ஸ்கிரீம் வந்தது. அது எஃப்-15 ஆக மாறாது, கதையில் இந்த ரோபோக்களுடைய சொந்தக் கிரகத்து முக்கோண வடிவ விமானமாக மாறும். அதைத் தனியாக வைத்துவிடுங்கள், இந்த ஒப்பீட்டில் சேராது.

படி 2: உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள்

கால், முதுகு அல்லது இறக்கையின் அடியில் பொடி எழுத்தில் நிறுவனப் பெயரும் ஆண்டும் இருக்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழும்பித் தெரியும். அங்கே இருப்பது காப்புரிமை ஆண்டு, அந்தப் பொம்மை தயாரான ஆண்டு இல்லை. பழைய அச்சில் இருபது வருடம் கழித்து வார்த்தாலும் பழைய ஆண்டு அப்படியே இருக்கலாம், அதனால் "1983 என்று போட்டிருக்கிறது, அசல் பழசு" என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

நிறுவனப் பெயர் இதைவிட நல்ல தடயம். டகாராவும் டோமியும் ஒன்றாகச் சேர்ந்தது 2006இல். ஆகவே எங்காவது டகாரா டோமி என்று இருந்தால் அது நிச்சயம் அதற்குப் பிந்தையது. இன்னொரு தடயம், விரலால் தேய்த்துச் சூடாக்கினால் கதையில் அந்த ரோபோ எந்த அணி என்று காட்டும் சின்னம் தெரிகிற சின்னச் சதுர ஒட்டி. அது 1985இல்தான் அறிமுகமானது, 1984இன் தொடக்க உருப்படிகளில் இருக்காது. பழையதையும் மறுவெளியீட்டையும் பிரிக்க ஏவுகணையும் உதவும். 2000களின் தொடக்கத்தில் ஹாஸ்ப்ரோ செய்த மறுவெளியீடுகளில், குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்ற பாதுகாப்பு விதிக்காக, ஏவுகணைகளை நீளமாக்கிவிட்டார்கள்.

படி 3: விமானமாக வைத்து, தலைகீழாகப் பாருங்கள்

விற்பவர்கள் எல்லோரும் மேலிருந்துதான் படம் எடுப்பார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா ஸ்டார்ஸ்கிரீமும் அழகுதான். திருப்பிப் போட்டு வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தால்தான் எந்தப் பதிப்பு எவ்வளவு சாமர்த்தியமானது என்று புரியும், ஏனென்றால் ரோபோவின் கைகள் போய் ஒளிகிற இடம் அதுதான். நேரில் பார்க்க வாய்ப்பில்லையென்றால் விற்பவரிடம் அடிப்பக்கப் படம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

பக்கத்திலேயே உண்மையான எஃப்-15இன் ஒரு நல்ல புகைப்படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். 1972இல் முதன்முதலில் பறந்த அந்த விமானத்தின் அடையாளங்கள் தெளிவானவை: இரண்டு எஞ்சின், செங்குத்தாக நிற்கும் இரட்டை வால், காக்பிட்டுக்கு இரு பக்கமும் சாய்வாக வெட்டிய பெரிய காற்றுவாய்கள். பின்னால் கிடைமட்டமாக இருக்கிற வால் துடுப்பின் முன்விளிம்பில் பல் மாதிரி ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அச்சு செய்தவர் நிஜ விமானத்தை எவ்வளவு நெருக்கமாகப் பார்த்துச் செய்தார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எம்பி-03க்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. அதன் வடிவமைப்பில் மேக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் ரோபோவாக மாறும் வால்கிரி விமானங்களை உருவாக்கிய ஷோஜி கவாமோரியின் பங்கு உண்டு. ரோபோவாக மாறும் விமானத்தை அவர் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. கார்ட்டூனில் வரும் பொம்மைத்தனமான ஜெட்டை அவர் விட்டுவிட்டு, நிஜ எஃப்-15ஐ எடுத்துக்கொண்டு அதற்குள் ரோபோவை அடைத்திருக்கிறார். ஜப்பானியப் பதிப்பின் நிறம்கூட பச்சை கலந்த மங்கலான சாம்பல், ராணுவ விமானம் போல. பிறகு அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ விற்றது அதே அச்சுதான், ஆனால் கார்ட்டூனுக்கு நெருக்கமான பளிச்சென்ற நிறம். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் வேறு வேறு பொம்மை என்றே நினைப்பீர்கள், அச்சு ஒன்றே.

படி 4: ரோபோவாக்கி, மூன்று பாகங்களைத் தேடுங்கள்

மூக்கு எங்கே போனது, வால் எங்கே போனது, இறக்கை எங்கே நிற்கிறது. இந்த மூன்றையும் கண்டுபிடித்தால் ஒப்பீட்டின் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

1984 பொம்மையில் காக்பிட் மார்பாகும், தலையை மூடியிருக்கிற மூக்குக் கூம்பு பின்பக்கம் மடியும். ராம்ஜெட் கூட்டணிக்குக் கார்ட்டூனில் கூம்புத் தலை வந்ததற்கும் இந்த மடிப்புதான் காரணம்: கூம்பைப் பின்னால் மடிக்காமல் நிமிர்த்தியே விட்டால் கிடைக்கிற உருவம் அது. அந்தக் காலப் பொறியியல் இவ்வளவு எளிமையாக இருந்ததற்கு ஒரு விலை உண்டு. கைமுட்டி, இறக்கை, வால் துடுப்பு, ஏவுகணைக் குழாய் எல்லாமே கழற்றி மாட்டுகிற தனிப் பாகங்கள். பழையதை வாங்கும்போது ஏதாவது ஒன்று காணாமல் போயிருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எம்பி-03இல் பிரச்சினை வேறு மாதிரி. விமானம் அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால் ரோபோவின் இடுப்புக்கு இரு பக்கமும் விமானப் பாகங்கள் பாவாடை மாதிரி தொங்கும். சேகரிப்பாளர்கள் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். எம்பி-11 வந்தபோது திருத்தப்பட்ட முக்கியமான இடம் அந்த இடுப்புதான். கூடவே கதையில் ஸ்டார்ஸ்கிரீம் முடிசூடிக்கொள்ளும் பட்டாபிஷேகக் காட்சிக்கான கிரீடமும் மேலங்கியும் கொடுத்தார்கள். எம்பி-03, எம்பி-11 இரண்டில் எது என்று யாராவது கேட்டால், முன்பக்கம் நேராக எடுத்த ரோபோ படம் இரண்டை வைத்து இடுப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தொங்குகிற அந்தப் பாகங்கள் உங்களுக்கு உறுத்தவில்லையென்றால் எம்பி-03 போதும்.

எம்பி-52 எதிர்த்திசையில் போகிறது. அதன் குறிக்கோள் கார்ட்டூனில் வந்த ஸ்டார்ஸ்கிரீமைத் திரையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பது. மாற்றிப் பொருத்த முகங்கள் உண்டு, உடம்பு வழவழப்பானது, நிஜ விமானத்தில் இருக்கும் நுணுக்கக் கோடுகள் குறைவு. ஆகவே எம்பி-11ஐவிட எம்பி-52 "மேம்பட்டது" என்று யாராவது எழுதினால் எதில் மேம்பட்டது என்று கேளுங்கள். ஒன்று விமானத்தை விரும்புகிறவருக்கு, மற்றது கதாபாத்திரத்தை விரும்புகிறவருக்கு. புதியது என்பதாலேயே பழையதை விற்றுவிடாதீர்கள்.

படி 5: கையால் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்

வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் செய்யுங்கள். நண்பரிடம் இருக்கலாம், இல்லையென்றால் முழு மாற்றத்தையும் வெட்டாமல் காட்டுகிற காணொளியாவது பார்க்கலாம். கவனிக்க வேண்டியது நேரம் இல்லை, தயக்கம். எந்த இடத்தில் அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டு டிக் டிக் என்று பல் விழுகிற வகையா, வெறும் உராய்வில் நிற்கிற வகையா என்றும் பாருங்கள். உராய்வு மூட்டு காலப்போக்கில் தளரும், கனமான பொம்மையாக இருந்தால் சீக்கிரமே தளரும்.

ஒரு பாகம் நகரவில்லையென்றால் நெம்பாதீர்கள். பெரும்பாலும் அதற்கு முன்னால் விடுவிக்க வேண்டிய ஒரு கொக்கி பாக்கி இருக்கும். குறிப்பாக மாஸ்டர்பீஸ்களில் வரிசை தப்பினால் பாகங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

படி 6: பழையதென்றால் நிலையைப் பாருங்கள்

வெள்ளை, வெளிர்சாம்பல் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும். ஒரே பொம்மையில் ஒரு இறக்கை மட்டும் அதிக மஞ்சளாக இருந்தால் அது வேறு பொம்மையிலிருந்து எடுத்து மாட்டியதாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெளுப்பாக்கும் முறை ஒன்று உண்டு, ஆனால் ஒட்டிகளும் பளபளப்புப் பூச்சும் பாழாகிவிடும் அபாயம் இருப்பதால் புதியவர்கள் முதல் பொம்மையிலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஏவுகணைக் குழாயின் சுருள்வில் வேலை செய்கிறதா, கைமுட்டிகள் இரண்டும் இருக்கிறதா, இறக்கையைப் பொருத்தும் நுனி முறிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: போலியைக் களையுங்கள்

மாஸ்டர்பீஸ்களுக்குப் போலிகள் நிறைய உண்டு. நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரியும் சேர்வதால், குறைந்த விலையில் உள்ளூரில் ஒன்று கிடைத்தால் மனம் சபலப்படும். படி 2இல் சொன்ன பொறித்த எழுத்து அழிக்கப்பட்டிருந்தாலோ மொழுக்கென்று இருந்தாலோ சந்தேகப்படுங்கள். அளவை அதிகாரபூர்வ அளவோடு சரிபாருங்கள், பெரிதாக்கிய போலிகளும் விற்கின்றன. பெட்டியில் பொம்மையின் படம் மட்டும் இருந்து நிறுவனப் பெயரே இல்லையென்றால் மேலே பேச எதுவும் இல்லை.

எதில் தொடங்குவது?

மாற்றி மாற்றி விளையாட ஆசை என்றால் எர்த்ரைஸ். கைக்கு அடக்கமான அளவு, தனியாகக் கழற்றிவைத்துத் தொலைக்க வேண்டிய பாகங்கள் குறைவு. ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர், கூம்புத் தலை மூவர் என்று அதே அச்சின் உறவினர்களும் இருப்பதால் பின்னால் படையாகச் சேர்க்கலாம். விமானப் பைத்தியம் என்றால் எம்பி-11ஐத் தேடுங்கள், கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1984 அச்சை முதல் பொம்மையாக வாங்க வேண்டாம், ஆனால் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று கையில் வந்த பிறகு ஒரு மறுவெளியீடாவது வாங்கிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் படிப்படியாக மாற்றிப் பாருங்கள். மூக்கு மடிகிற இடத்திலிருந்தே தொடங்கலாம்.