வியன்னாவில் ஒரு மாலை வால்ட்ஸ் கேட்கப் போனால்

வியன்னாவில் நகர மையத்துச் சதுக்கமான ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் பக்கமோ ஓபரா அரங்கு பக்கமோ நடந்தால், வெள்ளை விக்கும் சரிகைக் கோட்டுமாக பழைய இசைமேதை மொஸார்ட்டின் வேஷத்தில் ஒருவர் வழிமறித்து, இன்றைக்கே கச்சேரி இருக்கிறது என்பார். மயங்க வேண்டாம், அவர் வாசிக்கிறவர் இல்லை, டிக்கெட் விற்கிறவர். எந்த ஹால், எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள், உங்கள் இருக்கை எங்கே என்று ஹால் படத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்காமல் வாங்கிவிட்டு, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, கச்சேரி முழுக்க ஒரு செல்லோக்காரரின் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கச்சேரிகளில் பெரும்பாலும் வியன்னாவின் இசையமைப்பாளர்களான ஸ்ட்ராஸ் குடும்பத்தாரின் வால்ட்ஸும் (மூன்று தட்டு நடன இசை) போல்காவும் (இரண்டு தட்டு நடன இசை), நடுவில் கொஞ்சம் மொஸார்ட்டும்தான். ஸ்டாட்பார்க் பூங்காவில் உள்ள குர்சலோன் அரங்கு இதற்கே பேர்போனது. அரை மணி நேரம் முன்னால் போனால் பூங்காவில் இருக்கும் தங்க நிற ஸ்ட்ராஸ் சிலையையும் பார்த்துவிடலாம். மியூசிக்ஃபெராயின் என்ற இசை அரங்கின் தங்க ஹாலிலும் சுற்றுலாக்காரர்களுக்கான கச்சேரிகள் உண்டு. 1870-இல் திறந்த அந்த ஹாலுக்காகவே கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பேன்.

உடை பெரிய விஷயமில்லை, சுத்தமான சட்டை போதும். குளிர்காலம் என்றால் கனத்த கோட்டையும் முதுகுப் பையையும் வெளியே ஒப்படைக்கச் சொல்வார்கள், சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சபா பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டு, நல்ல இடத்தில் 'ஆஹா' என்று சொல்லக் கை வாய் இரண்டும் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மொஸார்ட் சிம்ஃபனி பல பகுதிகள் கொண்டது; ஒரு பகுதி முடிந்து வரும் அமைதியில் கைதட்டக்கூடாது, மொத்தமும் முடிந்த பிறகுதான். வால்ட்ஸுக்கு அந்தக் குழப்பம் இல்லை, ஒவ்வொன்றும் முடிந்ததும் தட்டலாம். ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணிப் பாருங்கள், வியன்னாக்காரர்கள் அந்த 'இரண்டை' ஒரு மயிரிழை முன்னாலேயே போட்டுவிடுவார்கள், உடம்பு தானாக ஆடுவது அதனால்தான். 1869-இல் வந்த பிட்ஸிகாட்டோ போல்கா இருந்தால் வயலின்காரர்களின் கையைக் கவனியுங்கள்: வில்லே படாது, முழுக்க விரலால் மீட்டுவார்கள்.

கடைசியில் பெரும்பாலும் 'நீல டான்யூப்' வால்ட்ஸ், அப்புறம் ராடெட்ஸ்கி மார்ச் என்ற அணிவகுப்பு இசை. இதற்கு மட்டும் கூட்டமே தாளம் போடும், இசைக்குழுவை நடத்துகிறவர் நம் பக்கம் திரும்பிவிடுவார். அவர் கை தாழ்ந்தால் மெதுவாக, உயர்ந்தால் பலமாக. கையைப் பார்க்காமல் கடைசிவரை ஓங்கித் தட்டுகிறவர் வரிசைக்கு ஒருவராவது இருப்பார். முடிந்ததும் கோட்டு வாங்கப் பெரிய வரிசை நிற்கும், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.