உரசிப்போன வண்டி மேல் போலீசில் புகார்: சைக்கிள் ஓட்டுபவர்கள் செய்ய வேண்டியவை

ஒரு கார் முழங்கையை ஒட்டி விருட்டென்று போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நடுக்கம் வீடியோவில் பதிவாகாது. புகாரைப் பார்க்கும் போலீஸ்காரர் முன்னால் இருப்பது ஒரு வீடியோவும் ஒரு பக்க எழுத்தும்தான். வண்டி எண், நேரம், இடம், உங்களுக்கும் வண்டிக்கும் இருந்த இடைவெளி இந்த நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். சம்பவம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், எண் தெரியாத வீடியோவை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

சம்பவம் நடந்த அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டி எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேமராவில் படம் கலங்கினாலும் குரல் பதிவாகிவிடும். கேமரா இல்லாதவர்கள் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, எண், நிறம், வண்டியின் வகை, போன திசை ஆகியவற்றை உடனே போனில் குரல் பதிவாகச் சொல்லி வையுங்கள். பத்து நிமிடம் போனால் 3-ம் 8-ம் இடம் மாறிவிடும். ஓட்டியவர் எப்படி இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி எண் காட்டிக்கொடுப்பது உரிமையாளரை மட்டும்தான். ஓட்டியவர் வேறு ஆளாக இருக்கலாம். பார்த்த யாராவது நின்றிருந்தால் பெயரும் போன் எண்ணும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

துரத்திப் போகாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள், திட்டாதீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதுவும் அதே வீடியோவில்தான் பதிவாகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது அதைத்தான். நீங்கள் சிக்னலைத் தாண்டியிருந்தாலும் அதே கதிதான்.

குடிபோதையில் ஓட்டுவது போலத் தெரிகிறது, வண்டி இன்னும் தாறுமாறாகப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது இடித்துவிட்டது என்றால் வீடியோ, படிவம் எல்லாம் பிறகு. உடனே அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இனி கேமரா. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் வருகிறது. சைக்கிள் கேமராக்களில் அகலக்கோண லென்ஸ் இருக்கிறது; அது பக்கத்தில் இருக்கும் பொருளை எட்ட இருப்பதுபோலக் காட்டும். தோளில் படுகிற மாதிரி போன லாரி, திரையில் சாவகாசமாக ஒரு மீட்டர் தள்ளிப் போவதுபோலத் தெரியும். பார்ப்பவர் “இதில் என்ன இருக்கிறது?” என்று நினைக்க அதுவே போதும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஹேண்டிலின் முனை படத்தில் தெரியும்படி கேமராவைப் பொருத்துங்கள். ஹேண்டிலின் அகலத்தை டேப்பால் அளந்து புகாரில் எழுதுங்கள்; அதை அளவுகோலாக வைத்து இடைவெளியைக் கணிக்கலாம். சாலைக் கோடுகள், நடைபாதை ஓரம் தெரிந்தால் அவற்றையும் ஆட்கள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் போய் அளக்கலாம்.

அடுத்தது எண் கலங்குவது. நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், கார் 50 கி.மீ. வேகத்தில் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 கி.மீ., அதாவது நொடிக்கு 8.3 மீட்டர். எண் படிக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றிரண்டு நொடிதான். ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் கார் 14 செ.மீ. நகர்ந்துவிடுகிறது, 1/500 என்றால் 1.7 செ.மீ. மட்டுமே. வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும். மாலையில் எடுத்த வீடியோக்களில் எண் தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேமராவின் அமைப்பில் இடமிருந்தால் நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வையுங்கள், இரவில் எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் ஒளியின் அளவை) ஒரு படி குறையுங்கள்; ஹெட்லைட் பட்டு எண் வெள்ளையாகக் கரைந்துபோவதும் அதனால் குறையும். கேமராவைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கேமரா இருப்பது நல்லது: பின் கேமரா வண்டி நெருங்கிய விதத்தையும், முன் கேமரா கடந்தபின் பின்பக்க எண்ணையும் பிடிக்கும்.

கேமராவின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை போன் நேரத்தோடு சரிபாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கினால் சில கேமராக்கள் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். நேரம் தவறியிருப்பதை வீட்டுக்கு வந்தபின் கவனித்தால் திருத்த முயலாதீர்கள். “கேமரா 7 நிமிடம் முன்னால் ஓடுகிறது” என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

மெமரி கார்டு நிறைந்ததும் பல கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். அதனால் சம்பவம் முடிந்ததும் கோப்பைப் பூட்டும் பட்டனை அழுத்துங்கள், அல்லது கேமராவையே அணைத்துவிடுங்கள். வீட்டில் மூலக் கோப்பை அப்படியே நகலெடுங்கள். வெட்டுவது, நிறம் கூட்டுவது, எழுத்து சேர்ப்பது வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதைப் புகாரோடு சேர்க்கக் கூடாது. அது படத்தைச் சுருக்கி விவரங்களையும் அழித்துவிடும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிடம் இருக்கட்டும். நீங்கள் ஒழுங்காக ஓட்டி வந்தீர்கள் என்பதற்குச் சாட்சி அந்த நிமிடங்கள்தான்.

தாமதிக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விபத்து இல்லாத இத்தகைய வழக்குகளில், பதிவான உரிமையாளருக்கு 14 நாளுக்குள் போலீஸ் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். பதிமூன்றாம் நாள் வரும் புகாரால் பெரும்பாலும் பயனில்லை. உங்கள் ஊர் விதி எதுவானாலும் அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாள் அனுப்புங்கள். இடைவெளி விதியும் நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. உங்கள் இடத்து விதியின் எண்ணைப் புகாரில் குறிப்பிடுங்கள்.

எழுத்தில் பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருக்க வேண்டும். “என்னைக் கொல்லப் பார்த்தான்” என்று எழுதினால், அவர் மனதில் இருந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“மாலை 6:42. வெளிச்சம் இருந்தது, சாலை உலர்ந்திருந்தது. கிழக்கு நோக்கி, ஓரத்திலிருந்து 80 செ.மீ. தள்ளி, சுமார் 20 கி.மீ. வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த வெள்ளை வேன், எதிரே பஸ் வரும்போதே என்னை முந்தியது. அதன் பக்கக் கண்ணாடி என் ஹேண்டில் முனையிலிருந்து அரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடந்தது. பிரேக் பிடித்து ஓரம் ஒதுங்கினேன். வீடியோவில் 2:14-இல் பார்க்கலாம்.”

முந்திய வண்டியின் வேகத்தை ஊகித்து எழுத வேண்டாம். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே 20 மீட்டர் என்று அளந்து, வண்டியின் முன்பகுதி அதைக் கடக்க 30 ஃபிரேம் வீடியோவில் 36 ஃபிரேம் ஆகிறது என்றால், 1.2 நொடி, அதாவது மணிக்கு 60 கி.மீ. இது தோராயக் கணக்கு என்றே குறிப்பிடுங்கள். உறுதி செய்வது போலீஸ் வேலை.

கைக்கு வந்த புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். எச்சரிக்கைக் கடிதம், பயிற்சி வகுப்பு, அபராதம், வழக்கு என முடிவு பலவிதமாக இருக்கலாம். வழக்கானால் சாட்சி சொல்ல வேண்டிவரும். தயாரா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எண் தெரியவில்லை என்பதுதான் காரணம் என்றால், அடுத்த முறைக்குக் கேமராவின் கோணத்தை மாற்றலாம்.

வழக்கு முடியும்வரை வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். இடித்திருந்தால் மருத்துவர் சீட்டு, கிழிந்த உடை, வெடித்த ஹெல்மெட், வளைந்த சக்கரம் எல்லாவற்றையும் படம் எடுத்து அப்படியே வையுங்கள். போலீஸ் பார்த்து முடிக்கும்வரை சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். மூல மெமரி கார்டையும் கழற்றி உறையில் போட்டு, தேதி எழுதி வைத்துவிட்டு, கேமராவுக்குப் புதிய கார்டு வாங்குங்கள்.