கிடப்பில் போன கொலை வழக்கும் இரண்டு ஆண்களின் காதலும்: இப்படி ஒரு நாவலை எழுதுவது எப்படி

எழுத உட்காரும் முன் ஒரு கேள்விக்குப் பதில் கையில் இருக்கட்டும்: கொலை நடந்து இத்தனை வருஷமாக ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை? போலீஸ் சோம்பேறி, இன்ஸ்பெக்டர் காசு வாங்கிவிட்டார் என்று எழுதித் தாண்டிவிடலாம், ஆனால் அது எந்த துப்பறியும் நாவலுக்கும் பொருந்துகிற பதில். உங்கள் கதையில் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பழைய வழக்கை எது மூடியதோ, அதுவேதான் இன்று இந்த இருவரையும் சேரவிடாமல் தடுக்க வேண்டும். இது ஒன்று அமைந்தால் போதும், ஒரு அத்தியாயம் துப்பு, அடுத்த அத்தியாயம் காதல் என்று மாற்றி மாற்றிப் பரிமாற வேண்டியிருக்காது.

அடுத்து வருஷம். ஊரையும் பெயர்களையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வருஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தளர்த்தியது, உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 11 அன்று அதைத் திருப்பிப் போட்டது, பிறகு 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்றது. இந்த மூன்று தேதிகளும் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த திருப்பங்கள். 1996-ல் கொலை, 2019-ல் மறுவிசாரணை என்று வைத்துக்கொள்வோம். இறந்தவரோடு கடைசியாக இருந்த மனிதர் 1996-ல் சாட்சி சொல்லியிருந்தால், ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வி வந்திருக்கும். உண்மையான பதிலுக்கு அன்றைய சட்டப்படி பத்து வருஷம் வரை சிறை, ஏன், ஆயுள் தண்டனைகூட உண்டு. 2010-ல் கொஞ்சம் தைரியம் வந்து பெயர் போடாமல் ஒரு மனு எழுதியிருப்பார், 2013-க்குப் பிறகு மறுபடி ஒடுங்கியிருப்பார். 2019-ல் சட்டம் அவரை விட்டுவிட்டது, வீடு விடவில்லை: மனைவி இருக்கிறார், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நாவல்களில் டி.என்.ஏ. செய்கிற வேலையை இங்கே இந்த மனிதரின் வாய் செய்ய வேண்டும். அதை அவ்வளவு சுலபமாகத் திறந்துவிடாதீர்கள்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு சிட்னி உதாரணம் இருக்கிறது. ஸ்காட் ஜான்சன் என்ற 27 வயது அமெரிக்கக் கணித ஆய்வு மாணவர், 1988 டிசம்பரில் மேன்லி அருகே நார்த் ஹெட் பாறைக்குக் கீழே இறந்து கிடந்தார். தற்கொலை என்று போலீஸ் கை கழுவியது. அந்தப் பாறை ஆண்கள் ஆண்களைச் சந்திக்கும் இடம் என்பது விசாரணையில் சரியாக வரவேயில்லை. அண்ணன் ஸ்டீவ் விடாமல் போராடி, மூன்றாவது மரண விசாரணையில், 2017-ல்தான், வெறுப்பினால் நடந்த தாக்குதல் என்ற முடிவு வந்தது. 2020-ல் ஒருவர் கைதானார், அதற்கு அவருடைய முன்னாள் மனைவி தந்த தகவல் உதவியது. 2023-ல், கொலை என்று ஆகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு அவருக்கு ஒன்பது வருஷம் சிறை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆண்கள் உறவு குற்றமல்ல என்று 1984-லேயே சட்டம் மாறிவிட்டது. மாறி நாலு வருஷம் கழித்தும் இந்த லட்சணம். ஆகவே 2018 தீர்ப்பு வந்த மறுநாளே உங்கள் பாத்திரங்கள் வெளிச்சத்தில் கைகோத்து நடக்க வேண்டாம்.

இப்போது கோப்பு. இந்தப் பகுதியில்தான் பலர் சினிமா பார்த்து எழுதுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் 24 வயது இளைஞன் உடல் என்றால், எஃப்.ஐ.ஆர். முதலில் குற்ற விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) 174-ன் கீழ் சந்தேக மரணம் என்றுதான் போடப்பட்டிருக்கும். பிரேத விசாரணை அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை), பிரேதப் பரிசோதனைச் சான்று, நாலைந்து வாக்குமூலம், கடைசியில் ‘கால் தவறி விழுந்து இறந்திருக்கலாம்’ என்று ஸ்டேஷன் ரைட்டர் கையெழுத்தில் ஒரு பக்கம். தலைக்காயம் விழும்போது கிணற்றுச் சுவரில் பட்டது என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிகின்றனவா என்று உங்கள் நாயகன் பார்க்கட்டும். நாலு பேரும் ஒரே மாதிரி பேசமாட்டார்கள், ஒருவரே எழுதினால்தான் அப்படி வரும்.

கொலைக்குக் காலவரம்பு கிடையாது, அதனால் 23 வருஷம் கழித்தும் வழக்கு வரலாம். வழி: குடும்பத்தில் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு சி.பி.சி.ஐ.டி. விசாரணை கேட்பது. தஞ்சாவூர் என்றால் மதுரைக் கிளை, அது 2004-ல்தான் வந்தது, பழைய காட்சியில் அதை எழுதிவிடாதீர்கள். விசாரணையில் ஆதாரம் வலுத்ததும் பிரிவு 174-லிருந்து கொலைக்கான 302-க்கு மாற்றப்படும். பிரிவை மாற்றும் அந்த ஒற்றைத் தாளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் காட்சி, சண்டைக்காட்சியைவிட நன்றாக வேலை செய்யும். கதை 2024 ஜூலைக்குப் பிறகு நீண்டாலும் குற்றம் 1996-ல் நடந்தது, ஆகவே இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 302-தான், புதிய சட்டத்தின் எண்ணைப் போடக்கூடாது. விபத்து என்று மூடிய வழக்கின் துணிமணிகள் இத்தனை வருஷம் பத்திரமாக இருக்கும் என்று நம்புவதும் கொஞ்சம் அதிகம். நம்ம ஊர் வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.வை விட்டுவைக்காது.

அதனால் துப்புகளைத் தாளில் தேடுங்கள். எனக்குப் பிடித்தது லாட்ஜ் ரெஜிஸ்டர். இறந்தவரும் அவருடைய ஆளும் கும்பகோணத்தில் அறை எடுத்திருக்கிறார்கள். உறவு என்ற கட்டத்தில் ‘அண்ணன் தம்பி’. ஆனால் ஒருவருக்கு இனிஷியல் கே., இன்னொருவருக்கு எஸ். அவசரத்தில் பொய் சொன்னவர்களுக்கு அப்பா பெயரை மாற்றத் தோன்றவில்லை. வாசகர் கண்ணில் ஐம்பதாம் பக்கத்தில் இது பட்டுவிட வேண்டும், நாயகனுக்கு நூற்றைம்பதில் உறைக்கட்டும். இன்னொன்று, காதுகுத்து போட்டோ: மாமா மடியில் பிள்ளை, பக்கத்தில் மாமாவின் ‘ஃப்ரெண்ட்’, வீட்டில் யாரைக் கேட்டாலும் அவர் பெயர் ஞாபகமில்லை என்கிறார்கள்.

அந்தப் பிள்ளைதான் உங்கள் காதலர்களில் ஒருவன். 1996-ல் ஐந்து வயது, 2019-ல் 28, தாய்மாமன் பெட்டியில் கடிதம் கண்டெடுத்து மனுப் போட்டவன். மற்றவன் சி.பி.சி.ஐ.டி. எஸ்.ஐ., 32. கொலை வழக்கின் விசாரணை அதிகாரி பொதுவாக இன்ஸ்பெக்டர்தான், எஸ்.ஐ. அவருக்குக் கீழே. இது உங்களுக்கு நல்லது: வழக்கு அவன் கையில் முழுதாக இல்லை, ஆனால் மனுதாரரோடு பழக்கம் என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் விசாரணையையே கிழித்துத் தொங்கவிடுவார். ஆக, மறைப்பதற்கு இன்றைக்கும் ஒரு காரணம், அதுவும் நியாயமான காரணம், கிடைத்துவிட்டது. எஸ்.ஐ. முதலில் அவனைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார், போலீஸ் வழக்கம் அது. அந்தத் தம்பியை எந்த அத்தியாயத்தில் உதிர்ப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் முத்தக் காட்சி நாறிவிடும். கதை 2019-ஐத் தாண்டி நீண்டால் இதுவும் நினைவிருக்கட்டும்: தமிழ்நாட்டில் 2022-ல் போலீஸ் நடத்தை விதியிலேயே பாலினச் சிறுபான்மையினரைத் துன்புறுத்தக்கூடாது என்று சேர்த்தார்கள், 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சி அது. விதி வந்ததும் ஸ்டேஷன் டீக்கடைப் பேச்சு மாறிவிடுமா என்ன. அந்தக் கேலிகளை எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

கொலையாளி யார்? ‘தன்னையே வெறுத்த இன்னொரு தன்பாலீர்ப்பாளர்’ என்ற பதில் முதலில் தோன்றும், தோன்றியதும் அடித்துவிடுங்கள், அரைத்த மாவு. மிரட்டிப் பணம் பறித்தவன், மானம் போகிறதென்று நினைத்த மச்சான், நிலத்தில் கண் வைத்த பங்காளி, இவர்களில் ஒருவருக்குக் காரணம் தேடுங்கள். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, அதை வைத்துப் பொருள் கைப்பற்றினால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். நம்ம ஊர் வழக்குகளில் கொலையாளி திடீரென்று மனம் திருந்தி வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், நீதிபதிகளே சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பதில் கொலையாளி, இறந்தவரின் மருமகனான மனுதாரரிடம் தனியாக உளறட்டும், பக்கத்தில் போலீஸ் இல்லாமல். அப்போது எஸ்.ஐ. எங்கே இருக்கக்கூடாது என்பதுதான் உங்கள் உச்சக்கட்டத்தின் சிக்கல்.

காதலர்களில் ஒருவரையும் கொல்லாதீர்கள். கதை தொடங்கும்போதே ஒருவர் செத்துவிட்டார், அது போதும். தீர்ப்பு வரைக்கும் இழுக்கவும் வேண்டாம், விசாரணை முடிய வருஷக்கணக்காகும், குற்றப்பத்திரிகையோடு நிறுத்தலாம். திருமணத்தில் முடிக்க முடியாது, உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று அந்த உரிமையை ஏற்க மறுத்துவிட்டது. ஒரு வாடகை வீடு, இரண்டு பேர் பெயரிலும் ஒப்பந்தம், இது போதுமான சந்தோஷம்தான்.

வெளியிடும் முன் இரண்டு பேரிடம் கொடுங்கள். குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவர் கோப்புப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும். 90-களில் இளைஞராக இருந்த தன்பாலீர்ப்பாளர் ஒருவர் முழுவதும் படிக்கட்டும், எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் அந்தக் காலத்தில் களத்தில் இருந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே சந்தித்தார்கள், எப்படி ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள், அவர் பெயரையும் ஊரையும் மட்டும் நாவலில் எங்கேயும் வைத்துவிடாதீர்கள்.